மழைக்கு முன் வரும் தளிர்

அவையோருக்கு வணக்கம். வெப்பமண்டல வறண்ட காடுகளைப் பற்றிப் பேசுவோர் மழையிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் மழைக்கு முந்தைய வாரங்களிலிருந்து தொடங்குகிறேன். மாதக்கணக்கில் மழையில்லாமல், வெயிலும் உச்சத்தை நெருங்கும் வேளையில், சால் மரம் பழைய இலைகளை உதிர்த்த கையோடு புதுத்தளிர் விடுகிறது. மழைதான் தளிரை எழுப்புகிறது என்றால் இது எப்படி நிகழும்?

விடையின் ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. செல்கள் நீரை ஈர்த்து விறைத்தால்தான் இலை விரியும். தண்டு வற்றியிருந்தால் மொட்டு அவிழாது. ஆனால் முதிர்ந்த இலைகள் உதிர்ந்ததும் நீராவிப்போக்கு வெகுவாகக் குறைந்துவிடுவதால், ஆழத்து ஈரத்தை எட்டிய வேர்கள் உறிஞ்சும் நீர், மழையின் துணையின்றியே தண்டை மீண்டும் நிரப்பிவிடுகிறது. இலையுதிர்வை வறட்சிக்கு மரம் பணிந்ததன் அடையாளமாகவே பார்த்துப் பழகிய எனக்கு, அது துளிர்ப்பதற்கான ஆயத்தமும்கூட என்று அறிந்தபோது உண்டான வியப்பு இன்றும் அடங்கவில்லை. மண் ஆழமற்ற மேட்டு நிலத்துக் கடினமரங்களுக்கோ இந்த வாய்ப்பு இல்லை. முதல் பெருமழை நிலத்தை நனைத்த பிறகே அவை துளிர்க்கின்றன.

நீர் இருந்தால் போதுமா என்றால், போதாது. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே காடுகள் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் உள்ளன. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் 70 நிமிட வேறுபாடுதான். அவ்வளவு சிறிய மாற்றத்தை மரம் உணராது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆயினும் ரால்ஃப் போர்ஷர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பகற்பொழுது அரைமணி நேரமோ அதற்கும் குறைவாகவோ நீள்வதே பல மரங்களைத் துளிர்க்கத் தூண்டுகிறது என்று காட்டியது. தண்டிலேயே நீரைச் சேமித்து வைக்கும் மென்மரங்கள் இதை இன்னும் தெளிவாக உணர்த்துகின்றன: பகல் குறுகும் காலத்தில் இலையுதிர்த்த பின், வறட்சியின் தொடக்கத்தில் பருவம் தவறி மழை பெய்தாலும் அவற்றின் மொட்டுகள் உறக்கம் கலைவதில்லை, பகல் நீளத் தொடங்கிய பிறகே விழிக்கின்றன.

பகலின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு பிசகுவதில்லை, மழை பிசகும். எனவே பருவமழை பிந்தும் ஆண்டில், பகலை நம்பித் துளிர்த்த மரம் முந்தைய மழை மண்ணில் விட்டுச்சென்ற ஈரத்தைக் கொண்டே தன் இளந்தளிரைக் காக்க வேண்டியிருக்கிறது. மேட்டு நிலத்துக் கடினமரமோ அப்போதும் வெறுங்கிளைகளோடு காத்து நிற்கிறது.