விடைக்கு முன்னால் ஒரு கேள்வி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

திருமங்கலம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியையாகவும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தாயாகவும் இருக்கும் நான், இன்று ஒரு கழித்தல் கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், வகுப்பில் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நோட்டை உற்றுப் பார்த்தால், இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்றும், நான்கில் ஒன்று போக மூன்று என்றும் முறையாகவே எழுதியிருப்பது தெரியும். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு நாம் சொன்னதை அந்தப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதே 35 ஓர் இரவு என் மகளின் நோட்டிலும் இருந்தது. நாள் முழுதும் ஊரார் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமை, அடுப்பில் குழம்பு கொதிக்கும் வேளையில் பெற்ற பிள்ளையிடம் எளிதில் வருவதில்லை என்பதை ஆசிரியப் பெற்றோர் அனைவரும் அறிவர். "எப்படிப் போட்டாய், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். பிறகு, பத்துப் பத்தாகத் துணியில் முடிந்த புளியங்கொட்டை முடிப்பு நான்கையும், உதிரியாக இரண்டு கொட்டைகளையும் அவள் முன் வைத்தேன். ஒரு முடிப்பை அவிழ்க்காமல் ஏழு கொட்டைகளை எடுக்க முடியாது என்பதை அவளே கண்டுகொண்டாள். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. மூன்று முடிப்பில் ஒன்று போக இரண்டு. 25 என்று அவளே எழுதினாள். மறுநாள் அந்த முடிப்புகள் என்னோடு பள்ளிக்கு வந்தன.

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எழுத்தையும் கணக்கையும் பிழையறக் கற்கவென்று தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறோம். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய, அதைப் பேசவிடுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் பல தாய்மார்கள் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் எவ்வளவு பெரிய துணை என்பதை முதல் பாடவேளையிலேயே அவர்கள் முகத்தில் காண்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று அத்திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. ஆனால் மாலை நேரத்துக்கு அப்படியொரு துணை இல்லை. அசதியோடு திரும்பும் வீட்டுக்குப் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் கொடுத்தனுப்புவது நியாயம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "நான் அஞ்சாப்புகூடத் தாண்டல டீச்சர், இவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்று கேட்டார். பறித்த பூவுக்கு உரிய கூலியை மனக்கணக்காகவே போடுகிறவர் அவர். "நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்மா, ஒரே ஒரு கணக்கை அவனை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறான் என்று மட்டும் என்னிடம் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

நன்றி. வணக்கம்.