கிளாஸ் உரசுற சத்தமும் சேர்ந்ததுதான் ஜாஸ்!

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணியில உட்கார்ந்து எனக்காகக் குறிப்பெடுத்துக்கிட்டிருக்கிற அன்பர்களுக்கும், சபைக்கும் வணக்கம்.

'ஜாஸ் ரசிகன் முதல்ல எடுத்துப் போட வேண்டியது ஸ்டுடியோவில் பதிந்த ஆல்பமா, மேடையில் பதிந்த ஆல்பமா?' இதுதான் தலைப்பு. நான் மேடைப் பதிவு கட்சி. ஜாஸ்னா அமெரிக்காவுல பிறந்த, வாசிக்கிறவங்க அந்தந்த நிமிஷத்துல கற்பனையில புதுசா விரிச்சு வாசிக்கிற இசை. வாசல்ல ஒருத்தர் கேட்டாரு, "நாகர்கோவில்ல ஜாஸுக்குப் பட்டிமன்றமாவே?" ஏன் கூடாது? சர்ச் திருநாள் ஊர்வலத்துல பேண்டு செட்டுக்குப் பின்னாலேயே, சாக்ஸபோன் ஊதுறவரைப் பார்த்துக்கிட்டே நடந்து வளர்ந்த சனம்தானே நாம.

எதிரணித் தலைவர் ட்ரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸைக் கொண்டுவந்து நிறுத்தினாரு. 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959, நியூயார்க், கொலம்பியா கம்பெனி ஸ்டுடியோ. சாக்ஸபோனுக்குக் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோவுக்கு பில் எவன்ஸ்னு கூட வாசிச்சவங்க பேரை அடுக்கி, 'இதுக்கு மேல ஒரு ஆல்பம் உண்டா'ன்னு கேட்டாரு. நல்ல ஆல்பம்தான், யாரு இல்லேன்னா? ஆனா அது ஏன் நல்லா இருக்குன்னு அவரு சொல்லலையே! மைல்ஸ் பெருசா ஒத்திகை எதுவும் வைக்கலை. சின்னச் சின்னக் குறிப்பை மட்டும் கையில கொடுத்து வாசிக்கச் சொன்னாரு. பெரும்பாலும் முதல் தடவை முழுசா வந்ததையே எடுத்துக்கிட்டாரு. அப்போ அங்க ஜெயிச்சது யாரு? ஸ்டுடியோவுக்குள்ள புகுந்த மேடை!

சரி, ஸ்டுடியோ தன் பங்குக்கு என்ன செஞ்சுது? மார்ச் 2-ம் தேதி டேப் மெஷின் மெதுவா ஓடியிருக்கு. அந்த டேப்பைச் சரியான வேகத்துல ஓட்டினப்போ பாட்டு வேகமாகி, இசைத்தட்டுல முதல் பக்கம் முழுக்க சுருதி ஒரு பொட்டு ஏறிப்போச்சு. அதைச் சரிபண்ணி வெளியிட்டது 1992-ல. முப்பத்து மூணு வருஷம்! அதுவரைக்கும் வீட்டுல தட்டை ஓடவிட்டுக் கூடவே ட்ரம்பெட் வாசிச்சுப் பழகினவன் கதி என்ன, நடுவர் அய்யா?

அடுத்து பியானோ வித்வான் தெலோனியஸ் மாங்க் பத்திச் சொன்னாங்க. 1956-ல ஸ்டுடியோவுல பதிஞ்ச 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' ஆல்பம். அந்தத் தலைப்புப் பாட்டை இருபத்தஞ்சு தடவை வாசிச்சும் ஒரு தடவைகூட முழுசா அமையலை. வாசிச்சவங்க லேசுப்பட்ட ஆளா? சாக்ஸபோன்ல சன்னி ராலின்ஸ், டிரம்ஸ்ல மேக்ஸ் ரோச்! கடைசியில தயாரிப்பாளர் டேப்பை வெட்டி ஒட்டித்தான் பாட்டைக் கரை சேர்த்தாரு. எனக்கு அந்த ஆல்பம் ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்கலை. ஆனா கத்திரிக்கோலுக்கும் அதுல ஒரு பங்கு உண்டுன்னு ஒத்துக்கிடணும்லா?

இப்போ என் சரக்குக்கு வாரேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்ல வில்லேஜ் வான்கார்டுன்னு தரைக்குக் கீழ ஒரு கிளப்பு. பில் எவன்ஸ் பியானோ, பால் மோஷியன் டிரம்ஸ், ஸ்காட் லஃபாரோ பாஸ், அதாவது ஆள் உயரத்துக்கு நிக்கிற பெரிய தந்தி வாத்தியம். மத்தியானம் தொடங்கி ராத்திரி வரைக்கும் அஞ்சு செட் வாசிச்சாங்க. ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. கிளாஸ் உரசுது, எவரோ பேசுறாங்க, ஒருத்தர் சிரிக்கிறாரு. அந்தப் பேச்சுக்கு நடுவுல பியானோ ஒரு வரி சொல்ல, பாஸ் பின்னால தாளம் போட்டுக்கிட்டு நிக்காம, குறுக்க விழுந்து பதில் சொல்லுது. ரெண்டு பேரும் சம ஆளுங்க! பதினோரு நாள் கழிச்சு, ஜூலை 6-ம் தேதி, லஃபாரோ கார் விபத்துல போயிட்டாரு. வயசு இருபத்தஞ்சு. 'நாளைக்கு இன்னொரு டேக் எடுத்துக்கலாம்'னு நினைக்க இடமே இல்லாத பதிவு அது.

கோல்ட்ரேனைப் பத்தி ஒரு வார்த்தை. 'எ லவ் சுப்ரீம்' ஸ்டுடியோவுல 1964 டிசம்பர்ல நாலே பேரு, முப்பத்து மூணு நிமிஷம். அடுத்த அக்டோபர்ல சியாட்டில் கிளப்புல அதே படைப்பை ஏழு பேரு, ஒண்ணேகால் மணி நேரம் வாசிச்சிருக்காங்க. அந்த டேப் 2021-லதான் வெளிய வந்துது. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுட்டு வந்து என்கிட்ட சண்டை போடுங்க.

கடைசியா, பெரிய ஜாஸ் வாத்தியக் குழுவை நடத்தின டியூக் எலிங்டன். 1956 ஜூலை 7, அமெரிக்காவுல நியூபோர்ட் ஜாஸ் விழா. அவருடைய காலம் முடிஞ்சுபோச்சுன்னு பேசிக்கிட்டிருந்த நேரம். ஒரு பழைய உருப்படிக்கு நடுவுல அவரு குழுவைச் சேர்ந்த பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸபோனோட எழுந்தாரு. பாட்டோட அடிப்படை வட்டத்தை ஒரு சுத்து, ரெண்டு சுத்துன்னு கற்பனையில சுத்திப் போய் இருபத்தேழு சுத்து வாசிச்சாரு! கூட்டத்துல ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, சனம் முழுக்க எழுந்துட்டு. நம்ம ஊரு கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டவங்களுக்கு இது புதுசு இல்லை. சாமியாடிக்கு அருள் வந்துட்டா புலவர் பாட்டை நிறுத்துவாரா? குடம் அடிக்கிறவரு கை ஓயுமா? சாமியாடி பாட்டை ஏத்துறாரு, பாட்டு சாமியாடியை ஏத்துது. இதை ஸ்டுடியோவுக்குள்ள எந்த மைக்கு முன்னால வச்சுப் பதிவீங்க?

எதிரணி உடனே எழுந்து, 'அந்த ஆல்பத்திலேயே பாதி ஸ்டுடியோவுல திரும்ப வாசிச்சதுதானே'ன்னு கேப்பாங்க. கேளுங்க! கொன்சால்வஸ் தப்பான மைக்ல ஊதிட்டாரு. அது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவோட மைக். ஆல்பம் போட்ட கம்பெனியோட டேப்புல அவரு சத்தம் எங்கேயோ தூரத்துல கேட்டுது. மத்த உருப்படியில திருப்தி இல்லாததை ஸ்டுடியோவுல மறுபடி வாசிக்க வச்சாங்க. வாசிச்சுட்டு அது மேல கைதட்டலை ஒட்டினாங்க. ரேடியோக்காரங்க டேப் பின்னால கிடைச்சு, ரெண்டையும் சேர்த்து 1999-ல ஒழுங்கான பதிவு வந்தப்போதான் அந்த ராத்திரி நமக்கு முழுசாக் கேட்டுது.

ஸ்டுடியோவே போதும்னா, நடுவர் அய்யா, அந்தப் பொய்க் கைதட்டலை எதுக்கு ஒட்டினாங்க? அடுத்துப் பேச வாற எதிரணி அக்கா இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசட்டும். மணி அடிச்சிராதீங்க, நானே உட்கார்ந்திடுதேன்.