மத்தியானத்துக்குள் ஆற்றைக் கடக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் குளித்தலை. காவிரிக்கரையில் பிறந்து, அதே கரையில் வாழ்க்கைப்பட்டு, ஆறு என்றால் என்னவென்று தெரியும் என ஐம்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தவள். கிர்கிஸ்தானில் ஒரு குதிரையின் மேல் உட்கார்ந்து பனி உருகி ஓடும் ஆற்றுக்குள் இறங்கியபோது நான் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

கிர்கிஸ்தான் என்றதும் உங்களில் பல பேருக்கு என்ன தோன்றும் என்று தெரியும். மருத்துவப் படிப்பு. என் மகனும் பிஷ்கெக்கில்தான் படிக்கிறான், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே நிறைய இருக்கிறார்கள். 2024 மே மாதம் அந்த நகரத்தில் வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகளை ஒரு கும்பல் தாக்கியது நினைவிருக்கும். அன்று இரவு முழுக்க நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் பயம் போகவில்லை. "ஒரு ராத்திரியை வைத்து ஒரு நாட்டையே முடிவு பண்ணாதீங்கம்மா, நீங்களே வந்து பாருங்க" என்றான். சரி என்று ஜூலைக் கடைசியில் டெல்லி வழியாகக் கிளம்பிப் போனேன்.

அவன் என்னைக் கூட்டிப்போன இடம் சோன் கெமின் பள்ளத்தாக்கு. பிஷ்கெக்கிலிருந்து கிழக்கே, காரில் இரண்டு இரண்டரை மணி நேரம். வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே குங்கேய் அலா-தூ என்ற இன்னொரு மலைத்தொடர், இரண்டுக்கும் நடுவில் சோன் கெமின் ஆறு. வடக்கு மலையைத் தாண்டினால் கஸாக்ஸ்தான், தெற்கு மலையைத் தாண்டினால் இசிக்-குல் ஏரி. நாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் மலைதான் என்பதால் அங்கே பள்ளத்தாக்கு என்பது நமக்கு டெல்டா மாதிரி, மனுஷர் குடியிருக்கும் இடமே அதுதான். 1911 ஜனவரியில் மிகப் பெரிய பூகம்பம் ஒன்று வந்து உலுக்கிய இடம் இது. இப்போது அமைதியான கிராமங்கள், உருளைக்கிழங்குத் தோட்டம், வைக்கோல் போர், வாசலுக்கு வாசல் குதிரை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். அங்கே வயதில் மூத்த ஆணை "பைக்கே" என்று கூப்பிடுகிறார்கள், நம் அண்ணன் மாதிரி. மூத்த பெண் "எஜே", அக்கா. அவர் என்னை எஜே என்றார், நான் அவரைப் பைக்கே என்றேன், அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்நியம் என்ற ஒன்று இல்லை. மீதிப் பேச்சையெல்லாம் மகன் ரஷ்ய மொழியில் கேட்டுச் சொன்னான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேச வேண்டும் என்பதற்காகப் படித்த மொழி, அன்று எனக்கு உதவியது.

இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நான் குதிரை ஏறியிருக்கிறேன், நம் பக்கத்துக் கோடைவாசஸ்தலம் ஒன்றில். பத்து நிமிடச் சுற்று. சேணத்தை நகர்த்தியபோது அதற்கு அடியில் ஆறாத புண் இருந்ததைப் பார்த்துவிட்டேன், இறங்கிவிட்டேன். அதனால் பைக்கே குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் முதலில் பார்த்தது அதன் முதுகைத்தான். அவர் என் கண் போன இடத்தைக் கவனித்துவிட்டார் போல. ஒன்றும் பேசாமல் சேணத்தைக் கழற்றி, கம்பளி விரிப்பையும் எடுத்துவிட்டு, உள்ளங்கையால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் அழுத்தித் தடவிக் காட்டினார். ஒரு சின்னக் காயம்கூட இல்லை. பிறகு ஒரு சுருக்கம் விழாமல் விரிப்பை மறுபடி போட்டார். அந்த ஒரு சுருக்கம்தான் நாலு மணி நேரத்தில் புண்ணாகும் என்றார். மலைச் சவாரிக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். காட்டத் தயங்குகிற ஆளோடு போகாதீர்கள்.

குதிரை உயரம் இல்லை. கட்டையான கால், அகன்ற மார்பு, நெற்றி வரை விழும் பிடரி. சோவியத் காலத்தில் இந்த நாட்டுக் குதிரையோடு ரஷ்யாவின் டான் குதிரையையும் பந்தயக் குதிரையையும் கலந்து "புதிய கிர்கிஸ்" என்று பெரிய இனம் ஒன்றை உருவாக்கினார்கள். 1954இல் அதைத் தனி இனமாக அங்கீகரித்தார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பனிக்காலத்தில் தானே பனியைக் குளம்பால் கீறிப் புல் தேடித் தின்பதும் கல்லுச் சரிவில் தடுமாறாமல் இறங்குவதும் பழைய நாட்டுக் குதிரைக்குத்தான் வரும் என்று பைக்கே அடித்துச் சொன்னார். நம் ஊரில் நாட்டு மாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும், அதே முகம் அவருக்கும்.

சவாரிக்கு அவர் சொன்னது அதிகமில்லை. இடது பக்கமாக ஏற வேண்டும். பின்னால் போய் நிற்கக் கூடாது. அங்கவடியில் பாதத்தின் முன்பாகத்தை மட்டும் வைக்க வேண்டும், காலை முழுக்க நுழைத்துவிட்டால் விழும்போது கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப் போய்விடும். மழைச் சட்டையைக் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டே மாட்டக் கூடாது, அது படபடவென்று அடித்தால் குதிரை மிரளும். கிளம்ப "சூ!", நிற்க "ட்ர்ர்". கடிவாளத்தை ஒற்றைக் கையில் பிடித்துப் போக வேண்டிய பக்கம் கழுத்தின் மேல் சாய்த்தால் போதும், இழுக்கவே வேண்டாம். எனக்கு நாலு வயதுக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மூன்று தடவை சொன்னார். அப்புறம் தலைக்கவசத்தை அவரே மாட்டி, நாடியின் கீழே வாரை இறுக்கிவிட்டார்.

கிராமத்தில் ராத்தங்கி, காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். நான் தேநீரை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தேன், அவர் வாசலில் நின்றுகொண்டு சூரியனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் இந்த அவசரம் என்று மகனிடம் கேட்கச் சொன்னேன். "தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் வரும்" என்று பதில் வந்தது. மழை மேகம் ஒன்றைக்கூட வானத்தில் காணோம். எங்கிருந்து தண்ணீர் வரும்?

விஷயம் இதுதான். அந்த ஆற்றுக்குத் தண்ணீர் தருவது மேலே இருக்கிற பனிப்பாறைகள். காலையில் வெயில் பட்டு உருக ஆரம்பிக்கும், அந்தத் தண்ணீர் மலை இறங்கி வர சில மணி நேரம் ஆகும், மத்தியானத்துக்கு மேல் ஆறு ஏறும், சாயங்காலம் உச்சம். ராத்திரி குளிரில் உருகுவது குறைந்து, விடியும்போது ஆறு இறங்கியிருக்கும். வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு வெள்ளம். எங்கள் காவிரியில் மேட்டூரில் மதகைத் திறந்தால் கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை வரும். அந்த வாரம்தான் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு ஊரில் வெள்ள எச்சரிக்கை என்று தங்கை செய்தி அனுப்பியிருந்தாள். சோன் கெமினில் தினமும் மதகைத் திறப்பது சூரியன், மூடுவது ராத்திரி. அந்த நேரக் கணக்கை வைத்துத்தான் அங்கே எல்லோரும் ஆட்டையும் மாட்டையும் அக்கரைக்கு ஓட்டுகிறார்கள்.

தேவதாரு மாதிரி ஊசி இலை மரங்கள் நிற்கிற சரிவில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தோம். தண்ணீர் பச்சையும் பாலும் கலந்த நிறம், பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்து வருவதால் அந்த நிறம். அடி தெரியாது. பைக்கே உடனே இறங்கிவிடவில்லை. கரையோரமாக மேலும் கீழும் போய்ப் பார்த்தார். குறுகலான இடம் ஒன்று இருந்தது, ஐந்தே எட்டில் கடந்துவிடலாம் போல. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு அகன்று நாலைந்து கிளையாகப் பிரிந்து, நடுவில் கூழாங்கல் திட்டுகள் தெரிகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். குறுகினால் ஆழம், விரிந்தால் முழங்கால். அந்தத் திட்டுகளிலும் செடி முளைத்திருந்ததைத்தான் தேர்ந்தெடுத்தார். செடி நிற்கிறது என்றால் திட்டு இறுகியிருக்கிறது, மொட்டையாக இருப்பது நேற்று வந்து சேர்ந்தது, கால் வைத்தால் சரியும்.

எனக்கு என் தமிழாசிரியர் ஞாபகம் வந்தது. "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்ற பழமொழியில் இருப்பது குதிரையே இல்லை, அது மண்குதிர், ஆற்றுக்குள் இருக்கும் மணல்மேடு, அதை நம்பிக் காலை வைக்காதே என்பதுதான் பொருள் என்று சொல்வார். வகுப்பில் கேட்டபோது வெறும் சொல் விளக்கமாக இருந்தது. எந்தக் குதிரை, எந்தக் குதிர் என்று இரண்டையும் தெரிந்த ஒரு மனிதருக்குப் பின்னால் போகும்போது அது எவ்வளவு பெரிய அறிவு என்று புரிந்தது.

"தண்ணியைப் பார்க்காதீங்க, அக்கரையில் அந்த வெள்ளைக் கல்லைப் பாருங்க. கடிவாளத்தை விட்டுப் பிடிங்க, பிடரியைப் பிடிச்சுக்குங்க" என்று மகன் சொன்னான். முதல் இரண்டு கிளை சுலபம். மூன்றாவதில் தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தொட்டது, என் செருப்பு நனைந்தது, அந்தக் குளிரில் நான் குனிந்து பார்த்துவிட்டேன். பார்த்த கணத்தில் ஆறு நின்றுவிட்டது, நான்தான் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். உடம்பு தானாக ஓடுகிற திசைக்குச் சாய்ந்தது, கை கடிவாளத்தை இறுக்கி இழுத்துவிட்டது. குதிரை நட்டாற்றில் நின்றது. அதன் நான்கு கால்களுக்கு அடியிலும் கற்கள் உருளுவதை இடுப்பு வரை உணர்ந்தேன். காதை ஒரு தடவை பின்னால் மடித்தது, அவ்வளவுதான், கலங்கவில்லை.

பைக்கே கத்தவே இல்லை. தன் குதிரையை எனக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து, நான் விழுந்தால் அவர் மேல்தான் விழ வேண்டும் என்கிற மாதிரி ஒட்டி நிறுத்தி, பிடிகயிற்றை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் விரல்களைக் கடிவாளத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடரியில் வைத்தார். "எஜே" என்று மட்டும் சொல்லி வெள்ளைக் கல்லைக் காட்டினார். தலை விடுபட்டதும் குதிரை கழுத்தை நீட்டி மோந்து பார்த்து, மேல்நோக்கி ஒரு சாய்வாக, தானே அடி எடுத்து வைத்து ஏறிவிட்டது. அக்கரையில் என் கால் நடுங்குவது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு அந்நிய நாட்டு மனிதர் என் பிள்ளையின் முன்னால் என்னை அப்படிக் காப்பாற்றியதை நினைத்தால் இப்போதும் குரல் கம்முகிறது.

அன்று ராத்திரி ஜைலூவில் தங்கினோம். கோடை மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பெயர். வட்டமான கம்பளிக் கூடாரம், அதன் உச்சியில் மரவளையம். அந்த வளையம்தான் அவர்களுடைய தேசியக் கொடியில் சூரியனுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஒரு எஜே குதிரைப்பால் கறந்துகொண்டிருந்தார். குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் அதைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை ஊன்றிக் கறக்கிறார். எங்கள் வீட்டில் அம்மா கன்றை விட்டுக் கறந்த அதே முறை. ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால் பகலில் ஐந்தாறு தடவை கறக்கிறார்கள். அதைப் புளிக்கவைத்ததுதான் கிமிஸ். புளிப்பு, லேசான புகை வாசம். நான் அரைக் கிண்ணம் குடித்தேன், அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து மீதியையும் குடித்தேன்.

சாயங்காலம் பைக்கே தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தார். ராத்திரி ஆறு இரைந்த இரைச்சலில் பெரிய கற்கள் அடியில் இடித்துக்கொள்கிற சத்தம் தனியாகக் கேட்டது. நான் தூங்கவில்லை. விடிந்ததும் மகனையும் எழுப்பாமல் போய்ப் பார்த்தேன். குச்சியிலிருந்து தண்ணீர் இரண்டு முழம் விலகியிருந்தது. நேற்று மாலை முழுகிக் கிடந்த கல் ஒன்று காய்ந்து வெளியே நின்றது.

அப்போதுதான் தேதி உறைத்தது. ஆகஸ்ட் 3. ஆடிப் பதினெட்டு. ஊரில் எல்லோரும் படித்துறையில் காதோலை கருகமணியும் கலந்த சாதமுமாக இருப்பார்கள். என்னிடம் இருந்தது பையில் ஒரு மஞ்சள் கயிறும், முந்தின நாள் அந்த எஜே கொடுத்த ரொட்டியில் ஒரு துண்டும். கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டேன். ரொட்டியைத் தண்ணீரில் விட்டேன். இந்த ஆறு சூ ஆற்றில் சேர்ந்து, கஸாக்ஸ்தானுக்குள் போய், கடலைப் பார்க்காமலே வறண்ட நிலத்தில் முடிந்துபோகும் என்று மகன் சொல்லியிருந்தான். பின்னால் பைக்கே நின்றிருந்தார். என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்ததும் செய்வது போல இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி முகத்தைத் தடவி "ஓமின்" என்றார்.

திரும்பும்போது நான் வெள்ளைக் கல்லுக்குப் பதிலாக அவர் தொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடிவாளம் தளர்ந்து கிடந்தது. எட்டரை மணிக்குள் கடந்துவிட்டோம்.

கிராமத்துக்கு வந்து இறங்கியதும் வாசலில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது, குதிரை அதைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. நான் வாளியைத் தூக்கப் போனேன். பைக்கே தடுத்தார். வியர்த்துச் சூடாக இருக்கிற குதிரைக்கு உடனே கொடுப்பதில்லை என்பது அவர் வழக்கமாம். வயிற்றுப்பட்டையைத் தளர்த்திவிட்டு, என் கையை எடுத்து அதன் மார்பில் வைத்தார். ஈரமும் சூடுமாக இருந்தது, உள்ளே இதயம் அடிப்பது தெரிந்தது. அது ஆறும் வரை நாங்கள் மூன்று பேரும் திண்ணை மாதிரி இருந்த மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தோம். அவர் அடிக்கடி எழுந்து போய் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவை என்னைப் போகச் சொன்னார். காய்ந்திருந்தது. வாளியை நானே தூக்கிக்கொண்டு போனேன்.