முறுக்கு பாக்கெட்டும் கார்லதான் தூங்கணும்: வோகல் ஸ்டேட் பார்க் கேம்பிங்

வணக்கம் மக்களே, பின்னாடி ஓடை சத்தம் மைக்ல ஏறும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. அமெரிக்கால ஜார்ஜியாவோட வடக்கு மலைப்பக்கம், வோகல் ஸ்டேட் பார்க் வந்திருக்கேன், அட்லாண்டால இருந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். கடைசியில நீல் கேப்னு ஒரு மலைக் கணவாய் தாண்டி ஒரு இறக்கம் வருது பாருங்க, வளைவுக்கு மேல வளைவு, பின் சீட்ல குழந்தைங்க இருந்தா ஒரு கவர் ரெடியா வச்சுக்கோங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

டென்ட் போட்டாச்சு. கீழ ஜல்லி போட்டு கெட்டியா அமுக்கி வச்சிருக்காங்க, டென்ட் கூட வர்ற மெல்லிசு ஆணி இதுல இறங்கவே இறங்காது, இந்தா பாருங்க, எப்படி வளைஞ்சு கிடக்கு. தடி ஆணியும் ஒரு சுத்தியலும் எடுத்துட்டு வந்துருங்க.

எல்லாரும் கேக்குறது, கரடி வருமா? வரும், இது கருங்கரடி இருக்கிற காடு. அதுக்கு நாம வேணாம், நம்ம டிபன் பாக்ஸ்தான் வேணும். அதனால புளியோதரை, ஊறுகாய் மட்டும் இல்ல, டூத்பேஸ்ட், சோப்பு வரைக்கும் வாசனை அடிக்கிற எதுவும் டென்ட்குள்ள கூடாது, கார்ல வச்சு பூட்டிருங்க, ராத்திரி பசிக்கும்னு முறுக்கு பாக்கெட்ட தலைமாட்டுல வச்சுட்டு படுக்குற வேலையே வேணாம்.

இதுதான் ட்ராலிட்டா லேக், 22 ஏக்கர், சுத்தி நடந்தா ஒரு மைல்தான் வரும். நிறைய பேர் இங்க நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுறாங்க, ஆனா அணைக்கு அந்தப் பக்கம் கீழ இறங்கணும், லேக் தண்ணி அப்படியே அருவியா பாறை மேல விழும், மேல நிக்கிறவங்களுக்கு அது கண்ணுலயே படாது. இந்த பார்க்கைக் கட்டினது 1930கள்ல, அப்போ அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட் ஆரம்பிச்ச சிசிசி-ங்கிற அரசு வேலைத் திட்டத்துல சேர்ந்த வேலையில்லாத பசங்க, அவங்களுக்குன்னு உள்ளயே ஒரு குட்டி மியூசியம் இருக்கு. நிலம் வோகல்னு ஒரு தோல் வியாபாரக் குடும்பத்தோடது, நம்ம ஊர்ல ஆவாரம்பட்டை போட்டு தோல் பதனிடுவாங்கல்ல, அதே மாதிரி இங்க ஓக், ஹெம்லாக் மரத்துப் பட்டைய உரிச்சிருக்காங்க, அப்புறம் செயற்கை கெமிக்கல் வந்துச்சு, பட்டைக்கு வேலை இல்லாம போச்சு, 1920கள்ல நிலத்த ஸ்டேட்டுக்கே கொடுத்துட்டாங்க. ஒரு விதத்துல அந்த கெமிக்கலுக்குதான் நாம நன்றி சொல்லணும்!

அக்டோபர்ல இலை கலர் மாறுறப்போ வீக்கெண்ட்ல வராதீங்க, கூட்டம் தாங்காது. வந்தே ஆகணும்னா 13 மாசம் முன்னாடியே புக்கிங் ஓபன் ஆகும், அப்பவே போட்டுருங்க. விறகு வீட்ல இருந்து தூக்கிட்டு வராதீங்க, மரத்த அரிக்கிற பூச்சி அதுலதான் ஊர் ஊரா பரவுது, இங்கயே வாங்கிக்கலாம்.

நாளைக்கு ப்ளட் மவுண்டன், 4,458 அடி, அது தனி வீடியோவா வரும். இந்த விறகு வேற ஈரமா இருக்கு, புகை மட்டும்தான் வருது, பத்த வைக்க ஈஸியா எதாவது வழி தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்கப்பா.