பெயரடை இல்லாமல் ஒரு பக்கம்: உர்சுலா லெ குவின் கதை கற்பித்த விதம்

[திரையில் ஒரு வாக்கியம் மட்டும்]

"வயதான அந்தப் பெண்மணி மிகுந்த தயக்கத்துடன் பழைய கதவை மெதுவாகத் திறந்தாள்."

இலக்கணப்படி இதில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1998-இல் வெளியிட்ட எழுத்துப் பயிற்சி நூலின் ஒரு பயிற்சியில் இது தேறாது. பெயரடையோ வினையடையோ ஒன்றுகூட இல்லாமல், உரையாடலும் இல்லாமல், ஒரு பத்தியிலிருந்து ஒரு பக்கம் வரை விவரித்து எழுத வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

[முதல் வாக்கியம் மறைந்து அடுத்தது தோன்றுகிறது]

"கிழவி தாழ்ப்பாளைத் தொட்டாள், கையை இழுத்துக்கொண்டாள், முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்தாள். தாழ்ப்பாளை நீக்கியதும் கீல் முனகியது."

முதல் வாக்கியம் 'தயக்கம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட, இரண்டாவதில் கை தயங்குவதை நாமே பார்க்கிறோம். பெயரடைகளை அவர் வெறுத்தார் என்று இதற்குப் பொருளில்லை. அவற்றை விரும்பியவர்தான், வினைச்சொல் செய்ய வேண்டிய வேலையை அவற்றின் தலையில் கட்டும் பழக்கத்தையே கண்டித்தார். அந்நூலின் முதல் அத்தியாயம் கதைக்கருவைப் பற்றியதும் அன்று, பாத்திரத்தைப் பற்றியதும் அன்று. வாக்கியத்தின் ஓசையைப் பற்றியது. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

மோதல் இல்லையேல் கதை இல்லை என்ற எழுத்துப் பட்டறைப் பாடத்தையும் அவர் ஏற்கவில்லை. தேடுவது, இழப்பது, பிரிவது, தாங்கிக்கொள்வது, மாறுவது ஆகியவையும் மனிதச் செயல்களே என்னும்போது, மோதலுக்கு மட்டும் ஏன் முதல் மரியாதை என்று கேட்டார். 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஈட்டியோடு சென்று யானையினத்து மிருகத்தை வீழ்த்தியவனின் கதையைப் போலவே, தானியம் பொறுக்கிப் பையில் சேர்த்தவர்களுக்கும் கதை உண்டு என்று வாதிட்டார்.

[காட்சி: நியூயார்க், நவம்பர் 2014]

அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கத்தை வழங்கியபோது, இலக்கியத்திலிருந்து நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்ட அறிவியல் புனைகதை, மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத்தாளர்கள் அனைவரோடும் அதைப் பகிர்ந்துகொள்வதாக அவர் மேடையிலேயே அறிவித்தார். யதார்த்தவாதமும் ஒரு வகைமைதான் என்பது அவர் நிலைப்பாடு. எனவே வகைமையின் பெயர் கதை எத்தகையது என்பதைச் சொல்லலாம், அதன் தரத்தைச் சொல்ல முடியாது. இதை வெறும் மனக்குறையாக ஒதுக்குவது தவறு என்பேன். டிராகன் வரும் பத்தியிலும் வினைச்சொல் தன் வேலையைச் செய்தாக வேண்டும். இல்லாத உலகை நம்பவைக்க வேண்டியிருப்பதால், அங்கே கவனம் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

கற்பித்தலிலும் அவர் அதிகாரத்தை ஆசிரியரிடம் குவிக்கவில்லை. தனியாக எழுதுவோரையும், ஆசிரியர் இல்லாமல் கூடும் சிறு குழுக்களையும் மனத்தில் வைத்தே அந்நூல் எழுதப்பட்டது. குழுவுக்கு அவர் பரிந்துரைத்த முறையில், ஒவ்வொருவரும் முறைவைத்துச் சுருக்கமாகக் கருத்துச் சொல்வார்கள்; எவரும் குறுக்கிடக் கூடாது; கதையை எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. "நான் சொல்ல வந்தது அதுவல்ல" என்று விளக்கத் தொடங்கும் எழுத்தாளர் அந்த நொடியிலேயே கேட்பதை நிறுத்திவிடுகிறார் என்பதால், பட்டறை நடத்த விரும்புவோர் இந்த மௌன விதியை மட்டுமாவது தளர்த்தாமல் வைத்துக்கொள்வது நல்லது.