அரசியலால் பேச்சு நின்ற வீட்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

கூடப் பிறந்தவர்களே அரசியலை முன்னிட்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் வீடுகள் இன்று நிறைய. அண்ணன் ஒரு கட்சி, தம்பி இன்னொரு கட்சி. அப்பா அனுப்பும் காணொளியை மகள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. காரணம் கேட்டால், "கொள்கை ஒத்துவரவில்லை" என்பார்கள். "சரி, கடைசியாகப் பேசியபோது என்ன நடந்தது?" என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். கொள்கை எதுவும் வெளியே வராது. ஒரே ஒரு வாக்கியம் வரும். "எல்லார் முன்னாடியும் என்னை முட்டாள்னு சொல்லிட்டான்." "காசுக்கு விலை போனவள்னு சொன்னார்." "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் நாடு கெட்டுச்சுன்னு என் பிள்ளைங்க முன்னாடி சொன்னான்."

அந்த வாக்கியத்தை முதலில் கையில் எடுங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். கருத்து வேறுபாடு ஒன்று, அதைப் பேசும்போது விழுந்த அவமானம் இன்னொன்று. கருத்து அப்படியே இருக்கலாம், சாகும்வரைகூட இருக்கலாம். அவமானத்தைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சரிசெய்ய முடியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பெரும்பாலான சமாதான முயற்சிகள் பாதியில் நிற்கின்றன. "அவன் தன் தப்பை உணரட்டும், அப்புறம் பேசறேன்" என்பவர், தம்பி கட்சி மாறினால்தான் உறவு என்று நிபந்தனை போடுகிறார். அது நடக்காது.

கணவன் மனைவி உறவைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர் ஜான் காட்மன் என்ற உளவியலாளர். மணமுறிவுக்கு இட்டுச்செல்லும் அறிகுறிகளில் மிகக் கொடியது இளக்காரம் என்றார். கோபத்தை உறவு தாங்கும். எதிரில் இருப்பவரைத் தாழ்ந்தவராகப் பார்க்கும் பார்வையைத் தாங்காது. கண்ணை உருட்டுவது, உச்சுக்கொட்டுவது, அவர் பேசும் விதத்தைப் பேசிக் காட்டுவது எல்லாம் இதில் சேரும். அரசியல் பேச்சில் இவை மிகச் சுலபமாக நுழைந்துவிடுகின்றன. தொலைக்காட்சி விவாதங்களிலும் சமூக ஊடகத்திலும் அன்றாடம் அந்த மொழியைத்தான் கேட்கிறோம். வெளியாளைப் பார்த்துப் பேசிய அதே மொழியை, வீட்டில் சித்தப்பாவைப் பார்த்தும் பேசிவிடுகிறோம்.

காட்மன் சொன்ன இன்னொன்றும் இங்கே பயன்படும். வாக்குவாதத்தின்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், எதிராளி சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது. அந்த நிலையில் எவ்வளவு நியாயமான வாதமும் வீண். உடல் தணிய குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆகவே குரல் உயர்ந்ததும் எழுந்துவிடுங்கள். ஆனால் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். "எனக்குப் படபடப்பா இருக்கு. அரை மணி நேரம் கழிச்சு வர்றேன்" என்றால் அது இடைவேளை. எதுவும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அது இரண்டாவது அவமானம். அந்த அரை மணி நேரத்தில் அடுத்து என்ன பதில் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. நடங்கள், பாத்திரம் கழுவுங்கள், வேறு எதையாவது கையில் எடுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவது முக்கியம். பேச்சைத் தொடர மனமில்லை என்றாலும், "இன்னைக்கு இது போதும்" என்று சொல்லவாவது வரவேண்டும்.

இனி, ஏற்கெனவே பேச்சு நின்றுபோன உறவுக்கு வருவோம். வேலை அதிகம் உள்ள இடம் இதுதான்.

முதல் அடி மன்னிப்பு. உங்கள் கருத்துக்காக அல்ல, நீங்கள் சொன்ன சொல்லுக்காக. "அவர்தானே முதலில் ஆரம்பித்தார்?" என்று தோன்றும். இருக்கலாம். அவர் பங்கை அவர்தான் எடுக்க வேண்டும், அதை நீங்கள் எடுத்துக் கொடுக்க முடியாது. உங்கள் பங்கு பத்தில் ஒன்றாக இருந்தாலும், அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மன்னிப்பின் கூறுகளைப் பற்றி ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு கூறுகளை எடை போட்டுப் பார்த்ததில், "தவறு என்னுடையது" என்று பொறுப்பேற்பதுதான் முதலிடம் பெற்றது. அதற்கு அடுத்தது, ஏற்பட்ட பாதிப்பைச் சரிசெய்ய முன்வருவது. "என்னை மன்னித்துவிடு" என்று கேட்பது கடைசியில் வந்தது. நாம் பெரும்பாலும் கடைசியில் உள்ளதை முதலில் சொல்லி, முதலில் உள்ளதை விட்டுவிடுகிறோம்.

தம்பி அண்ணனிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "அண்ணே, போன தேர்தல் சமயத்துல எல்லாரும் இருக்கும்போது உங்களைக் கட்சிக்கு அடிமைன்னு சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பு. அண்ணி, பிள்ளைங்க முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு ஆயிடுச்சு. இனிமே அரசியல் பேசினாலும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசமாட்டேன்." அவ்வளவுதான். என்ன சொன்னோம், அது என்ன செய்தது, இனி என்ன செய்வோம் என்ற மூன்றும் வந்துவிட்டன. அரை நிமிடம்கூட ஆகாது.

இதைக் கெடுப்பவை சில உண்டு. முதலாவது "ஆனா". "சொன்னது தப்புதான், ஆனா நீங்களும்..." என்று தொடங்கியதும் பழைய சண்டை மீண்டும் ஆரம்பம். இரண்டாவது, "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்ற இழுவை. புண்பட்டதா இல்லையா என்ற சந்தேகத்தை அது அவர் மேலேயே போடுகிறது. மூன்றாவது, மன்னிப்போடு சேர்த்து ஒரு செய்தித் துணுக்கை அனுப்புவது. இப்படியும் செய்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் படிப்பவருக்கு மன்னிப்பு தூண்டில் போலத் தெரியும்.

நேரிலோ தொலைபேசியிலோ சொல்வது நல்லது. எழுத்தில் தொனி போய்ச் சேர்வதில்லை. மின்னஞ்சலில் கிண்டலாக எழுதியது எது, உண்மையாக எழுதியது எது என்று படிப்பவர் கண்டுபிடிப்பார் என எழுதியவர்கள் மிகையாக நம்புகிறார்கள், படித்தவர்களோ கிட்டத்தட்டக் குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள் என்று குரூகர், எப்லி முதலானோரின் 2005 ஆய்வு காட்டியது. அவர் தொலைபேசியை எடுக்கவே மாட்டார் என்றால் குரல்பதிவு அனுப்பலாம், அல்லது கையால் ஒரு கடிதம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லுக்கு, தனியாகக் கேட்கும் மன்னிப்பு மட்டும் போதாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திட்டியிருந்தால், அவரிடம் தனியாகப் பேசிய பிறகு, "அன்னைக்கு மாமாவைப் பத்தி நான் எழுதினது தப்பு, அவர்கிட்ட பேசிட்டேன்" என்று குழுவிலும் ஒரு வரி போடுங்கள். விளக்கம் வேண்டாம்.

பதில் உடனே வராது. வராமலும் போகலாம். அவருக்கு இது புதுச் செய்தி, யோசிக்க நாள் பிடிக்கும். நாலு நாள் பொறுத்து "என்ன, நான் இறங்கி வந்தும் பேசமாட்டேங்கறீங்க?" என்று கேட்டால், கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டதாகிவிடும்.

இந்த இடத்தில் வீட்டில் நடுவில் நிற்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் மூத்த அக்கா. இருவர் பிணங்கும்போது மூன்றாமவரை இழுத்துக்கொள்வது குடும்பங்களின் இயல்பு என்று மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் விளக்கினார். அதை அவர் முக்கோணம் என்றார். முக்கோணம் அப்போதைக்குப் பதற்றத்தைக் குறைக்கும். ஆனால் பிணக்கு அப்படியே உறைந்துவிடும், இருவரும் நேரே பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். நடுவில் நிற்பவருக்கோ இரண்டு பக்கத்து வருத்தமும் வந்து சேரும், தூக்கம் போகும். மகன் வந்து அண்ணனைப் பற்றிக் குறை சொன்னால் அம்மா என்ன செய்யலாம்? கேட்கலாம், தலையைத் தடவிக் கொடுக்கலாம். பிறகு, "இதை நீயே அவன்கிட்ட சொல்லுப்பா. நான் கொண்டுபோய்ச் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்" என்று சொல்லலாம். அவன் கோபித்துக்கொண்டாலும் அம்மா அதில் நிற்க வேண்டும். "உன் அண்ணன் மனசுக்குள்ள உன்மேல பாசமாத்தான் இருக்கான்" என்று இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்லும் பழக்கமும் வேண்டாம். நேரில் பார்க்கும்போது அந்தப் பாசம் தெரியவில்லை என்றால் ஏமாற்றம் இரட்டிப்பாகும்.

முதல் சந்திப்பு குடும்ப விசேஷத்தில் வேண்டாம். எல்லோர் கண்ணும் அந்த இருவர் மேலேயே இருக்கும். இருவர் மட்டும், ஒரு மணி நேரம், எப்போது முடியும் என்பது முன்பே தெரிந்த சந்திப்பாக இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்வதைவிடச் சேர்ந்து நடப்பதோ, ஏதாவது வேலை செய்வதோ நல்லது. கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது பேச்சு சுலபமாக வரும். அன்றைக்கு அரசியல் கிடையாது. அவரே எடுத்தாலும், "அது இன்னொரு நாள் பேசலாம்ணே, இன்னைக்கு உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுபடி அரசியல் பேசியே ஆக வேண்டுமா? வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் அதுவும் முழுமையான தீர்வுதான், யாரும் அதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் சிலருக்கு அரசியல்தான் உயிர். அதைத் தவிர்த்தால் பேச எதுவும் மிஞ்சாது. அவர்களுக்காக கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் 1951இல் ஓர் உரையில் சொன்ன விதி இருக்கிறது. எதிராளி சொன்னதை, அவர் "ஆமாம், சரியாகச் சொன்னாய்" என்று ஏற்கும்படி நீங்கள் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் உங்கள் கருத்தைச் சொல்லலாம்.

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் சிரமம் தெரியும். அண்ணன் சொல்கிறார்: "இந்த ஆட்சி வந்தப்புறம்தான் எனக்குக் கடன் கிடைச்சது, தொழில் நிமிர்ந்தது. அதை மறக்க முடியாது." தம்பி திருப்பிச் சொல்கிறான்: "அதாவது உங்களுக்கு லாபம், மத்தவங்க எப்படிப் போனா என்னங்கறீங்க." இது திருப்பிச் சொன்னது அல்ல, தாக்குதல். அண்ணன் ஏற்கமாட்டார், ஆகவே தம்பி இன்னொரு முறை முயல வேண்டும். "தொழில் விழுந்து கிடந்த நேரத்துல இவங்க திட்டம் கைகொடுத்துச்சு. அந்த நன்றியை விட முடியாதுங்கறீங்க, சரியா?" அண்ணன் யோசிக்கிறார். "சரிதான். ஆனா நன்றி மட்டும் இல்லடா. மறுபடி அந்த நிலைமைக்குப் போயிடுவேனோன்னு பயமும் இருக்கு." அத்தனை வாக்குவாதத்திலும் வெளிவராத பயம் இப்போது வெளிவந்திருக்கிறது. தம்பி அண்ணனின் கட்சியை ஏற்க வேண்டியதில்லை, அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டால் போதும். பிறகு முறை மாறும், தம்பி சொல்வதை அண்ணன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். விலைவாசியில் தொடங்கி வரலாறு முழுக்கச் சுற்றிவந்தால் விதி காற்றில் போய்விடும்.

கேள்வி கேட்பதிலும் கவனம் வேண்டும். "எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க?" என்பது குறுக்கு விசாரணை. "உங்களுக்கு எப்பத்திலிருந்து இப்படித் தோண ஆரம்பிச்சது?" என்பது அழைப்பு. புரூக்மன், கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 10 நிமிட உரையாடல் மக்களின் ஒரு வெறுப்புணர்வைக் குறைத்தது, அதன் பலன் குறைந்தது 3 மாதம் நீடித்தது என்று கண்டார்கள். அந்த உரையாடலில் வாதம் அடுக்கப்படவில்லை. எதிரில் இருப்பவரின் சொந்த அனுபவத்தைக் கேட்டு, அதிலிருந்து அவரையே யோசிக்க வைத்தார்கள். ஆனால் அண்ணனை மாற்றும் உத்தியாக இதைக் கையில் எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் மட்டும் கேளுங்கள்.

அவர் கட்சி சொல்வதையெல்லாம் அவர் நம்புகிறார் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்க்கட்சிக்காரர்களில் தீவிரக் கருத்துள்ளவர்கள் உண்மையில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு என்று இரு தரப்பினரும் கற்பனை செய்துவைத்திருந்தது தெரிந்தது. உங்கள் மாமாவிடம் கேட்டால், அவர் கட்சியில் அவருக்கே பிடிக்காதவை நாலைந்து இருக்கும். நீங்கள் தாக்கிக்கொண்டே இருக்கும்வரை அதைச் சொல்லமாட்டார். தாக்குவதை நிறுத்தினால் சொல்வார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே ஒரு விதி போதும்: அரசியல் பகிர்வு இங்கே இல்லை. விருப்பம் உள்ளவர்கள் தனிக்குழு வைத்துக்கொள்ளட்டும். தேர்தல் அறிவித்த பிறகு விதி போட்டால் ஒரு தரப்பைக் குறிவைத்தது போலாகிவிடும், அமைதியான காலத்திலேயே போட்டுவிட வேண்டும். யாராவது மீறினால் குழுவில் கண்டிக்காமல் அட்மின் தனியாக ஒரு வரி அனுப்பி நீக்கச் சொல்லட்டும். தன் கட்சிக்காரர் மீறும்போதும் அதே வேகத்தில் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் பல அட்மின்கள் நம்பிக்கையை இழக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கருத்து மோதும் வீட்டுக்கு. அரசியல் என்ற பெயரில் உங்கள் பிறப்பை, மதத்தை, நீங்கள் மணந்துகொண்டவரை, உங்கள் குழந்தையை ஒருவர் இழிவாகப் பேசிக்கொண்டே இருந்தால், மிரட்டினால், கை ஓங்கினால், அங்கே பொறுத்துப்போ என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அங்கே எல்லை போட வேண்டும், போட்ட எல்லையைக் காப்பாற்றவும் வேண்டும். "என் மனைவியைப் பத்தி அப்படிப் பேசினா நாங்க கிளம்பிடுவோம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அடுத்த முறை பேசினால் கிளம்பிவிடுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்த எல்லைக்கு மதிப்பிருக்காது. அதற்காக உறவை முழுக்க அறுத்தெறிய வேண்டும் என்பதும் இல்லை. வீட்டுக்குப் போகாமல் தொலைபேசியில் மட்டும் பேசலாம், குழந்தைகளை அழைத்துப் போகாமல் தனியாகப் போய்ப் பார்த்து வரலாம்.

மன்னிப்புக் கேட்டும் பதிலே வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மூன்று மாதம் விட்டு, அரசியலோ பழைய சண்டையோ கலக்காத ஒரு செய்தி அனுப்புங்கள். "அண்ணே, முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?" அவ்வளவு போதும். பதில் வந்தால் முழங்காலைப் பற்றியே பேசுங்கள். வராவிட்டால் இன்னும் சில மாதம் கழித்து, வேறு ஏதாவது காரணம் வரும்போது, இன்னொன்று அனுப்புங்கள். "பார்த்தும் ஏன் பதில் போடலை?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.