முதலில் காது, அப்புறம் வாய்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"மரணப் படுக்கையில் இருப்பவரிடம் கிறிஸ்துவைப் பகிர்ந்துகொள்ள முதலில் வேண்டியது பேசும் வாயா, கேட்கும் காதா?" இதுதான் இன்றைய தலைப்பு. காதுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ரோமர் 10-ஆம் அதிகாரத்தை எடுத்தார். "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று வாசித்துவிட்டு, "இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஆள் இருக்கமாட்டார், உட்கார்ந்து நலம் விசாரிக்க நேரம் ஏது?" என்று கேட்டார். சொல்லும்போது அவர் குரல் உடைந்ததை எல்லாரும் கவனித்திருப்பீர்கள். ஒரு ஆத்துமாவுக்காக அவர் சுமக்கிற பாரம் அது. அந்தப் பாரம் எங்கள் அணிக்கும் இருக்கிறது.

ஆனால் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். நேரம் குறைவு என்கிறீர்களே, அது யாருடைய நேரம்?

கடைசி நாட்களில் ஒருவருடைய பொழுது எப்படிப் போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் உறக்கம். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். இதற்கு நடுவில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் தெளிவு கிடைத்தால் பெரிய காரியம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்பதை நாம் எடுத்துக்கொண்டால், மனதில் இருப்பதை அவர் எப்போது சொல்வார்?

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் நுரையீரல் நோயால் படுத்திருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். சட்டைப் பையில் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி. கட்டில் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டேதான் பேசினேன். "ஐயா, இன்றைக்கு ராத்திரி உங்கள் உயிர் போனால் எங்கே போவீர்கள்?" என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியதில் ஆக்சிஜன் குழாய் இழுபட்டு அவர் காதை அறுத்தது. அதைச் சரிசெய்யக்கூட அவர் கையில் தெம்பில்லை. நான் மூன்றாவது பத்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் ஓடிவந்து குழாயை எடுத்துவிட்டார். என் கண் கைப்பிரதியில் இருந்ததால், அந்தக் காது சிவந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. வெளியே வந்த பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்.

நடுவர் அவர்களே, ஆண்டவர் இப்படித்தான் செய்தாரா? எம்மாவுக்குப் போகிற வழியைப் பாருங்கள். இயேசு சிலுவையில் மரித்த துக்கம் தொண்டையை அடைக்க, அவருடைய சீஷர்கள் இரண்டு பேர் நடந்து போகிறார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கூடச் சேர்ந்துகொள்கிறார், அவர்தான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். அது அவருக்கே நடந்தது! ஆனாலும் "எவைகள்?" என்று கேட்கிறார். அவர்கள் முழுவதையும் கொட்டித் தீர்க்கும்வரை கூடவே நடக்கிறார். வேதவாக்கியங்களை விளக்கியது அதற்குப் பிறகுதான். ஊர் வந்ததும் மேலே போகிறவர்போலக் காட்டிக்கொள்கிறார். அவர்கள் வருந்திக் கேட்டதால்தான் உள்ளே வருகிறார். மரித்து உயிர்த்தெழுந்த இயேசுவே ஒரு வீட்டுக்குள் போக அழைப்புக்குக் காத்திருந்தார். நாம் ஒரு நோயாளியின் அறைக்குள் எப்படி நுழைகிறோம்?

சிலுவையில் மனந்திரும்பின கள்ளனை எதிரணியில் இரண்டு பேர் சாட்சிக்கு அழைத்தார்கள். கடைசி நிமிடத்திலும் இரட்சிப்பு உண்டு என்று காட்ட. ஆமென், உண்டு. ஆனால் லூக்கா 23-ஐ நிதானமாக வாசியுங்கள். முதலில் பேசியது யார்? "அடியேனை நினைத்தருளும்" என்று அந்த மனிதன் கேட்டான். ஆண்டவர் ஒரே ஒரு வாக்கியத்தில் பதில் சொன்னார். இன்னொரு பக்கம் தொங்கியவன் இகழ்ந்தான். அவனும் சாகிறவன்தான், அவனுக்கும் நேரம் இல்லை. அவனை ஆண்டவர் மிரட்டியதாக ஒரு வரி இருக்கிறதா? இல்லை. சாவு பயத்தைப் பிடித்து முறுக்கி ஒரு "ஆம்" வாங்குவதை நான் சுவிசேஷம் என்று சொல்லமாட்டேன். மருந்து மயக்கத்தில் நினைவு தடுமாறுகிறவரைத் தலையாட்ட வைப்பதையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொரு சாட்சி. சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக, மருத்துவமனை சமூகப் பணியாளராக இருந்து, பிறகு மருத்துவராகவும் படித்தவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தைத் திறந்தார். ஆழ்ந்த விசுவாசி. எந்த நம்பிக்கை உள்ளவரும், எந்த நம்பிக்கையும் இல்லாதவரும் அங்கே வரலாம். சாகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதில், உறவுகளில், ஆவியிலும் இருக்கிறது என்று சொன்னவர் அவர். அதை அவர் நோயாளிகள் பேசப்பேசக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். வலி திரும்ப வந்த பிறகு ஓடாமல், வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வலியில் துடிக்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வலி மருந்து கொடுத்தார்களா?" என்பதுதான்.

சரி, அப்படியென்றால் கடைசிவரை வாயே திறக்கக்கூடாதா என்று எதிரணி கேட்கும். திறக்க வேண்டும். பேச வேண்டிய இடத்தில் "மரியாதை" என்று சொல்லி ஒளிந்துகொள்வது கோழைத்தனம், அதை ஒப்புக்கொள்கிறேன். பேதுரு என்ன எழுதுகிறார்? நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். விசாரித்துக் கேட்கிற! கேள்வி அவரிடமிருந்து வர வேண்டும் என்றால், கேள்வி வருகிற மாதிரி ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஜெபம் பண்ணட்டுமா? வேண்டாம் என்றாலும் நான் இங்கேயேதான் இருப்பேன்" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்தால்தான் அவர் சொல்கிற "சரி"க்கு மதிப்பு. ஜெபமும் நாலு வரி போதும், அவர் சொன்ன பாரத்தையே அவர் வார்த்தையில் சொல்லி. எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தேவனுக்குக் கோபம் வந்தது அவர்கள் பேசிய பிறகுதான்.

அந்தப் பெரியவரிடம் அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை உட்கார்ந்தேன். "ஐயா, போன வாரம் உங்களைப் பேசவே விடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து உதட்டைக் காட்டினார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிவிட்டேன். அப்புறம், மூச்சு மூச்சாக, தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். சொத்தில் அந்தத் தம்பியைத் தானே ஏமாற்றியதை, பதினோரு வருடம் பேசாமல் இருந்ததை. நான் நடுவில் ஒரு வசனமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். முடித்துவிட்டுக் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தம்பி, உங்க சாமி இதையெல்லாம் மன்னிப்பாரா?"

அன்றைக்குத்தான் நான் அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினேன். மூன்று நிமிடம் இருக்கும். அவர் முகம் என் பக்கம் திரும்பியே இருந்தது.

நடுவர் அவர்களே, அந்தக் கேள்வி முதல் வாரமும் அவருக்குள் இருந்தது. அன்றைக்கு நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நன்றி, வணக்கம்.